ஜன்னல் துடைக்காத நான்கு மாதம்

எங்கள் ஆய்வகத்தில் லேசர் ஜன்னலைத் துடைப்பது கடைசியாகச் சேர்ந்தவர் வேலை. வெற்றிடக் கலனுக்குள் லேசர் நுழைவதற்காகப் பதித்த குவார்ட்ஸ் கண்ணாடி அது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த முதல் வருடம் அந்த வேலை என்னிடம் வந்தது. ஒருமுறை கலனைத் திறந்தால் பம்பை ஓட்டி, சூடேற்றி, பழைய வெற்றிடத்துக்குக் கொண்டுவர இரண்டு நாள் போய்விடும். அதனால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். அதன் பலனை இத்தாலியில் போய் அனுபவித்தேன்.

நாங்கள் வளர்த்தது ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற ஆக்சைடின் மெல்லிய படலம். கலனுக்குள் டார்கெட் என்ற மூலக் கட்டியை லேசர் சுடும், அதிலிருந்து ஆவியாகும் பொருள் எதிரே படிந்து படலமாகும்; கொஞ்சம் ஜன்னலிலும் படியும். அதையும் அதே ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தின் மேல்தான் வளர்த்தோம். பாட்டி கேட்டபோது, "தோசை மேலேயே தோசை ஊத்துற மாதிரி" என்றேன். "எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான்.

இந்தப் படிகம் கண்ணாடி போல நிறமற்றது, மின்சாரத்தைக் கடத்தாது. எலக்ட்ரான்கள் கடத்தும் நிலைக்குப் போகத் தாண்ட வேண்டிய ஆற்றல் பள்ளம், அதாவது பட்டை இடைவெளி, சுமார் 3.2 எலக்ட்ரான்வோல்ட். ஆனால் 2004-ல் ஓட்டோமோவும் ஹ்வாங்கும் இதன் மேல் இன்னொரு மின்கடத்தாப் பொருளான லாந்தனம் அலுமினேட்டை வளர்த்தபோது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடின. 2011-ல் அதைவிட வேடிக்கையான செய்தி வந்தது. மேலே எதையும் வைக்க வேண்டாம், வெற்றிடத்துக்குள் படிகத்தைப் பிளந்து பார்த்தாலே அந்த வெறும் பரப்பில் இரு பரிமாண எலக்ட்ரான் படலம் தென்படுகிறது என்று சான்டாண்டர்-சைரோ குழுவும் மீவாசனா குழுவும் தனித்தனியாகக் காட்டின. பிளந்த படிகத்தின் பரப்பு கரடுமுரடாக இருக்கும். நம் இஷ்டத்துக்கு வடிவமைக்க முடியாது. அணு அடுக்காக வளர்த்த படலத்தில் அதே பரப்பு நிலைகளைப் பார்ப்பதுதான் என் ஆய்வின் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும் என்று சார் முடிவு செய்தார்.

பார்க்கும் கருவிக்குப் பெயர் ஆர்பெஸ். புற ஊதா ஒளியோ மென் எக்ஸ்ரேயோ பரப்பில் பட்டதும் எலக்ட்ரான்கள் தெறிக்கும். எந்தக் கோணத்தில், எந்த ஆற்றலோடு வருகின்றன என்று அளந்தால் உள்ளே அவை எந்தப் பட்டையில் இருந்தன என்ற வரைபடம் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நாங்கள் பயன்படுத்திய ஆற்றலில் வெளியே வரும் எலக்ட்ரான்கள் மேலிருக்கும் ஒன்றிரண்டு அலகுக் கூடுகளில் இருந்துதான் வருகின்றன. படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அணுக்கட்டுதான் அலகுக் கூடு; ஒன்றின் உயரம் 0.39 நானோமீட்டர். என் படலத்தில் 100 அடுக்கு, அதாவது 39 நானோமீட்டர். அவ்வளவையும் அருமையாக வளர்த்துவிட்டு மேலே இரண்டு அடுக்கில் அசுத்தம் இருந்தால் இந்தக் கருவிக்குத் தெரிவது அசுத்தம் மட்டும்தான்.

எங்களுக்கு ஒளி கிடைத்தது எலெட்ராவில். இத்தாலியின் த்ரியெஸ்தே நகருக்கு மேலே, பசோவிட்சா என்ற ஊரின் அருகே இருக்கும் சிங்க்ரோட்ரான், அதாவது எலக்ட்ரான்களை வட்டமாகச் சுழற்றிப் பலமான ஒளி எடுக்கும் நிலையம். 5 நாள், 15 ஷிஃப்ட். படலங்களை, எக்ஸ்ரேயால் அணு அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் எக்ஸ்.ஆர்.டி.யில் பார்த்து, நுண்ணூசியால் பரப்பின் மேடுபள்ளத்தைத் தடவும் ஏ.எஃப்.எம்.மில் பார்த்து, நைட்ரஜன் நிரப்பிய டப்பாக்களில் அடைத்துக் கொண்டுபோனோம். மலைமேல் போரா என்ற காற்று அடிக்கும். நடக்கும் ஆளைத் தள்ளும். முதல் நாள் அதை ரசித்தேன்.

இரண்டாம் நாள் நள்ளிரவு இரண்டு மணிக்குத் திரையில் சாம்பல் நிறத்தில் மூட்டம். படலத்தை 550 டிகிரிக்குச் சூடாக்கிப் பார்த்தோம், மூட்டம். ஒளியின் ஆற்றலை மாற்றினோம், மூட்டம். அடுத்த படலம், அதற்கடுத்த படலம். நாலாம் நாள் பட்டை போல ஏதோ நிழலாடியது; படத்தின் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிக்கொண்டே போனால் யாருக்கும் எதுவும் தெரியும். எந்தெந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும் உள்கூட்டு எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தபோது கார்பனுக்கான இடத்தில் வழக்கமான 285 எலக்ட்ரான்வோல்ட் முகட்டுக்குப் பக்கத்தில், 289 அருகே இன்னொரு மேடு. கார்பனேட். காற்றில் ஒட்டிய எண்ணெய்ப்பசை வகையறா சூடாக்கினால் போய்விடும், இது போகவில்லை. அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று அன்று புரியவில்லை.

திரும்பி வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வெளிநாட்டில் ஆய்வு முடித்துவிட்டு எங்கள் சீனியர் அண்ணா ஒரு வாரம் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். என் எக்ஸ்.ஆர்.டி. படத்தைக் காட்டினேன். அடித்தளப் படிகத்தின் முகடு 46.5 டிகிரியில், அதற்கு இடது பக்கம், 46.3 அருகே ஒரு தோள். இரண்டு பக்கமும் அலை அலையாகச் சிற்றலைகள். படலம் தட்டையாக, ஒழுங்காக வளர்ந்திருப்பதற்கு அந்தச் சிற்றலைகளைத்தான் நான் சாட்சியாக வைத்திருந்தேன்.

"ஃபிலிம் பீக் எவ்வளவு தெளிவா தெரியுது பாருங்கண்ணா."

"தெரியுதா? அப்ப சரியில்லைடா."

அவர் சொன்னது இதுதான். அதே பொருளை அதே பொருளின் மேல் சரியாக வளர்த்தால் இரண்டுக்கும் அணிக்கோவை அளவு, அதாவது அலகுக் கூட்டின் பக்க நீளம், ஒன்று: 3.905 ஆங்ஸ்ட்ராம் (0.3905 நானோமீட்டர்). படலத்தின் முகடு அடித்தளத்தின் முகட்டுக்குள் மறைந்துவிட வேண்டும், சிற்றலையும் தெரியக் கூடாது. தனியாகத் தெரிந்தால் படலம் உப்பியிருக்கிறது என்று பொருள். ஸ்ட்ரான்சியமோ டைட்டானியமோ விகிதம் தவறினால் இந்தப் பொருள் செங்குத்தாக உப்பும். என்னுடையது 3.92 வரை போயிருந்தது. எங்கள் ஆய்வகம் அதுவரை மாங்கனைட் என்ற வேறு வகை ஆக்சைடுப் படலங்களையே, வேறு பொருளின் மேல், வளர்த்துவந்தது. அவற்றில் முகடு தனியாகத் தெரிவதுதான் நல்ல அறிகுறி. அந்தக் கண்ணோடு பார்த்துப் பழகிய யாருக்கும், சார் உட்பட, என் படம் உறுத்தவில்லை. ஒரு பொருளில் நற்சான்றாக இருப்பது இன்னொரு பொருளில் குற்றப்பத்திரிகையாக இருக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த எக்ஸ்.ஆர்.டி. கதையைத்தான்.

விகிதம் ஏன் தவறியது? டார்கெட்டில் சரியான விகிதம் இருக்கும்போது படலத்திலும் அதுதானே வர வேண்டும்? லேசரால் ஆக்சைடு வளர்க்கும் இந்த முறைக்கு 1987-ல் பெரிய பெயர் வந்ததே அதனால்தான். அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் தி. வெங்கடேசனும் அவருடன் இருந்தவர்களும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு மீக்கடத்தியை இப்படிப் படலமாக்கினார்கள். நாலைந்து தனிமங்கள் இருந்தாலும் டார்கெட்டின் கலவை அப்படியே படலத்துக்கு வந்து சேரும் என்பது அதன் பெருமை. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் படித்திருந்தேன். அந்த "அப்படியே" என்ற சொல்லுக்குள் நிறைய நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு லேசர் ஆற்றல் விழுகிறது என்பதைப் பொறுத்து விகிதம் நகரும். உகந்த அளவுக்குக் கீழே போனால் ஸ்ட்ரான்சியம் மிஞ்சும், மேலே போனால் குறையும்.

என் குறிப்பேட்டில் தினமும் ஒரே எண்தான்: லேசர் துடிப்பின் ஆற்றல், மீட்டரில் 60 மில்லிஜூல். அந்த மீட்டரை நாங்கள் வைத்தது கலனுக்கு வெளியே, ஜன்னலுக்கு முன்னால். ஜன்னலின் உட்புறத்திலோ நான்கு மாதப் படிவு. அண்ணா கலனைத் திறக்கச் சொன்னார். மீட்டரை உள்ளே டார்கெட் இடத்தில் பிடித்தபோது 41 காட்டியது. டார்கெட்டின் இடத்தில் ஃபேக்ஸ் காகிதத்தை வைத்து ஒரு துடிப்பு சுட்டால் கருப்புத் தழும்பு விழும்; அதை வரைபடத்தாளில் வைத்துப் பரப்பு எடுத்தோம், 3 சதுர மில்லிமீட்டர். கண்ணாடி சுத்தமாக இருந்திருந்தால், அது பிரதிபலித்துவிடும் சிறு பங்கு போக, சதுர சென்டிமீட்டருக்கு 1.8 ஜூல் விழுந்திருக்கும். விழுந்துகொண்டிருந்ததோ 1.4-க்கும் கீழே.

எரிச்சலூட்டியது வேறு. தடயம் என் கைப்பட எழுதிய எண்களிலேயே இருந்திருக்கிறது. வளரும்போது ரீட் என்ற எலக்ட்ரான் கற்றை பரப்பைச் சாய்வாகத் தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு அடுக்கு நிறையும்போதும் அதன் வெளிச்சம் ஒருமுறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கங்களை எண்ணித்தான் 100 அடுக்கு என்று நிறுத்துவோம். முதல் மாதம் ஓர் அடுக்குக்கு 22 லேசர் துடிப்பு. நாலாம் மாதம் 31. டார்கெட்டில் இருந்து வரும் பொருள் குறைகிறது, அதாவது உள்ளே போகும் ஒளி குறைகிறது என்று அந்த எண் கத்திக்கொண்டிருந்தது. கலனைத் திறக்காமலே ஜன்னலின் நிலையைச் சொல்லும் எண் அது ஒன்றுதான். அடுக்கு எண்ணிக்கை சரியாக வந்துவிட்டதால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஏற்ற இறக்கம் அழகாக வருவதும் நல்ல படலத்துக்குச் சான்று இல்லை என்பது அதோடு சேர்ந்து புரிந்தது. விகிதம் ஓரளவு தவறினாலும் அது அழகாகத்தான் வரும்.

இப்போது கார்பனேட் மேட்டுக்கு வருவோம். மிஞ்சிய ஸ்ட்ரான்சியத்தில் ஒரு பங்கு ஆக்சைடாகப் பரப்பில் ஒதுங்கும். ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு சுண்ணாம்பின் உறவுக்காரன். காற்றில் வைத்தால் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு கார்பனேட் ஆகும். வீட்டுச் சுவரில் அடித்த சுண்ணாம்பு இறுகுவதும் அதே வேதியியல்தான். எங்கள் ஊர் கடற்கரை ஊர், ஈரத்துக்குக் குறைவில்லை. டப்பாவில் நைட்ரஜன் நிரப்புவதற்கு முன் ஏ.எஃப்.எம்.மில் ஒரு மதியம் முழுக்கக் காற்றில் கிடந்த பரப்பு அது. நான் த்ரியெஸ்தேவுக்குக் கொண்டுபோனது, சுருக்கமாகச் சொன்னால், வெள்ளையடித்த படிகங்கள். நான் பார்க்க விரும்பிய நிலைகள் டைட்டானியத்தின் எலக்ட்ரான்களால் ஆனவை. அவற்றின் மேல் இந்தப் போர்வை.

அடுத்த எட்டு மாதம் அடிப்படையில் இருந்து தொடங்கினோம். அடித்தளப் படிகம் வாங்கும்போது அதன் பரப்பில் பாதி ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு, பாதி டைட்டானியம் ஆக்சைடு என்று கலந்திருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, பிறகு தாங்கல் கரைசல் சேர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் முதல் வகை கரைந்து போகும்; பிறகு ஆக்சிஜனில் 950 டிகிரியில் சுட வேண்டும். 1994-ல் ஜப்பானில் கவாசாகி குழு தொடங்கிய வழி இது. தண்ணீரில் ஊறவைக்கும் படியை 1998-ல் கோஸ்டர் குழு சேர்த்தது. இந்த அமிலம் பற்றி ஒரு வார்த்தை. பட்டவுடன் வலிக்காது, அதுதான் ஆபத்து. தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல், பக்கத்தில் இன்னொருவர் இல்லாமல் செய்யாதீர்கள். கண்ணாடிப் பாத்திரமும் கூடாது, அதையே தின்றுவிடும்.

சுடும்போது நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஆறு மணி நேரம் சுட்டேன். உள்ளிருந்து ஸ்ட்ரான்சியம் மறுபடி மேலே வந்து தீவு தீவாக நின்றது. ஒரு மணி நேரம் போதும். ஏ.எஃப்.எம்.மில் படிக்கட்டு தெரியும். ஒவ்வொரு படியும் 0.39 நானோமீட்டர் இருக்க வேண்டும். 0.2 வந்தால் இரண்டு வகைப் பரப்பும் கலந்திருக்கிறது, திரும்ப முதலில் இருந்து. படியின் அகலம் படிகத்தை எவ்வளவு சாய்வாக வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது, 0.1 டிகிரிக்குச் சுமார் 220 நானோமீட்டர் வரும். அகலம் அதற்குப் பொருந்தாவிட்டால் முதலில் சாய்வுக் கோணத்தை விசாரியுங்கள், பரப்பைத் திட்டாதீர்கள்.

வெள்ளிப் பசையால் அடித்தளத்தை ஒட்டுவதையும் விட்டோம். அது விளிம்பைச் சுற்றி மேலேறி வந்து பரப்பில் உட்காரும், எக்ஸ்ரேயால் பரப்பின் தனிமங்களை அடையாளம் காணும் எக்ஸ்.பி.எஸ்.சில் 368 எலக்ட்ரான்வோல்ட்டில் வெள்ளி தெரியும். கிளிப் வைத்துப் பிடித்தோம், வெப்பம் சற்று ஏற்ற இறக்கமாகத்தான் இருந்தது, பரவாயில்லை. மின்சாரம் கடத்தும்படி நயோபியம் சேர்த்த அடித்தளத்துக்கு மாறினோம். இல்லாவிட்டால் எலக்ட்ரான் வெளியேற வெளியேறப் படிகத்தில் மின்னூட்டம் சேர்ந்து படம் நழுவிக்கொண்டே போகும். ஜன்னலை வாரம் ஒருமுறை துடைத்தேன். எக்ஸ்.ஆர்.டி.யில் தோள் சுருங்கி, ஒருநாள் காணாமல் போனது. படலம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு வெறும் அடித்தளம் போல ஒரு படம். அண்ணாவுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் பதில் வந்தது.

இரண்டாவது பயணத்தில் படலங்களைக் காற்றில் கொண்டுபோகவில்லை. அளக்கும் இடத்திலேயே இணைந்திருந்த வளர்ப்புக் கலனில் வளர்த்து, வெற்றிடத்துக்குள்ளேயே நகர்த்தினோம். முதல் இரவே பார்த்தோம். எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் எல்லையான ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே சுமார் 0.2 எலக்ட்ரான்வோல்ட் ஆழத்தில் ஒரு கிண்ணம், நாங்கள் தேடிவந்த பரப்பு எலக்ட்ரான்களின் பட்டை. கூர்மையான, மெல்லிய கோடு. நான் எழுந்து நின்று கைதட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"படம் நல்லா இருக்கு. ஆனா இது யாரோட படம்?"

முதலில் புரியவில்லை. எட்டு மாத உழைப்பில் வளர்த்த படலத்தின் படம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். இதே இடத்தில் எத்தனை நேரமாக ஒளி விழுகிறது என்றார். 40 நிமிடம். கற்றையை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் புதிய இடத்தில் வைத்து, அந்த நொடியில் இருந்து பார்க்கச் சொன்னார். புதிய இடத்தில் கிண்ணம் இல்லை. மங்கலாக ஏதோ இருந்தது. ஒரு நிமிடத்தில் கொஞ்சம் தெரிந்தது, பத்து நிமிடத்தில் ஆழமானது, அரை மணியில் பழைய படத்தைப் போலவே ஆகி நின்றுவிட்டது.

ஒளிதான் செய்கிறது. ஒளி டைட்டானியத்தின் உள்கூட்டு எலக்ட்ரானைத் தட்டிவிடும். காலியான அந்த இடத்தை நிரப்பப் பக்கத்து ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் போகும். எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அங்கே தங்க முடியாமல் பரப்பை விட்டே வெளியேறும். நோடெக்கும் ஃபெய்பல்மனும் 1978-ல் விளக்கிய வழி அது. ஒவ்வொரு ஆக்சிஜன் காலியிடமும் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகிறது, அவை பரப்பில் சேர்ந்து கிண்ணமாகின்றன. நாங்கள் பயன்படுத்திய 47 எலக்ட்ரான்வோல்ட் டைட்டானியத்தின் அந்த உள்கூட்டைத் தொடுவதற்குத் தாராளமாகப் போதும். ஃபெர்மி மட்டத்துக்கு 1.3 எலக்ட்ரான்வோல்ட் கீழே பட்டை இடைவெளிக்குள் ஒரு மேடு வளர்ந்திருந்ததை நான் பின்புலம் என்று வெட்டித் தள்ளியிருந்தேன். காலியிடத்தில் சிக்கிக்கொண்ட எலக்ட்ரான்களின் அடையாளம் அது. கலனுக்குள் மிகச் சிறிதளவு ஆக்சிஜன் விட்டோம். கண்ணெதிரே கிண்ணம் மேலேறி மங்கியது. ஆக்சிஜனை நிறுத்தினோம், மெல்லத் திரும்பி வந்தது.

சான்டாண்டர்-சைரோ குழுவின் 2011 கட்டுரையை அன்று மறுபடி படித்தபோது ஒரு வரி வேறு மாதிரி தெரிந்தது. உள்ளே எவ்வளவு மாசு சேர்த்த படிகமாக இருந்தாலும் பரப்பில் கிடைத்த எலக்ட்ரான் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அது பரப்பின் சொந்தக் குணம் என்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த வலுவான ஆதாரம். எனக்கோ அதில் வேறொரு எச்சரிக்கை தெரிந்தது: எல்லாப் படிகத்திலும் ஒரே மாதிரி வந்து நிற்கும் ஒன்றை வைத்து என் படலம் உசத்தி என்று எப்படிச் சொல்வது? கிண்ணம் இருக்கிறது என்பது தரத்துக்குச் சான்றே இல்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மூன்றாவது பயணத்தில் வேண்டுமென்றே லேசர் ஆற்றலைக் கொஞ்சம் குறைத்து ஒரு படலத்தையும், சரியான அளவில் ஒன்றையும் அங்கேயே வளர்த்தோம். அரை மணி நேர ஒளிக்குப் பிறகு இரண்டிலும் கிண்ணம், ஏறக்குறைய ஒரே ஆழம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. மோசமான படலத்தில் கோடு தடித்திருந்தது, கிண்ணத்துக்கு வெளியேயும் மூட்டம் பரவியிருந்தது. எலக்ட்ரான் எத்தனை தூரம் மோதாமல் போகிறது என்பதைக் கோட்டின் தடிமன் சொல்கிறது. அதனால் தரத்தை அங்கேதான் தேட வேண்டும், அதுவும் இரண்டு படலத்துக்கும் ஒரே அளவு ஒளி விழுந்த பிறகு. இதற்காகவே இப்போது எங்கள் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அந்த இடத்தில் ஒளி விழத் தொடங்கி எத்தனை நொடி ஆனது என்று எழுதுகிறோம். வெளியாகும் பல படங்களில் அந்த எண் இருப்பதில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும்.

ஜன்னல் துடைக்கும் வேலை இப்போது புதிதாகச் சேர்ந்த தங்கையிடம் இருக்கிறது. போன வாரம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "22-ஆ இருந்தது 24 ஆகியிருக்கு அண்ணா. இன்னும் ஒரு ஃபிலிம் போட்டுட்டுத் திறக்கலாமா?"

இப்போதே திற என்றேன். முகம் வாடியது. இரண்டு நாள் பம்ப் ஓடட்டும் என்று இருவரும் டீ குடிக்கப் போனோம்.